ரோட்டரி கட்டர் இழை விடுகிறதா? பிளேடைத் தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை

ரோட்டரி கட்டர் என்பது கைப்பிடியில் மாட்டிய வட்டப் பிளேடை உருட்டித் துணி வெட்டும் கருவி. அதில் ஒரு பிளேடு எத்தனை மாதம் வரும் என்பது குவில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் மெத்துப் போர்வை) தைக்கத் தொடங்குகிற எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே வரும் கேள்வி. மாதக் கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. ஈரம் படாமல் உறைக்குள் கிடக்கும் பிளேடு ஆண்டுக் கணக்கில் கூர் மாறாமல் இருக்கும். இன்று காலை மாட்டிய பிளேடு ஒரே ஒரு குண்டூசி மேல் ஏறி இறங்கினால் மதியத்துக்குள் அதன் கதை முடிந்துவிடும். பிளேடின் வயதை நாளை வைத்து எண்ண முடியாது. எதை வெட்டியது, எதன்மேல் வைத்து வெட்டியது, எத்தனை மீட்டர் ஓடியது என்பதுதான் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. மழுங்கிவிட்டது என்று நாம் கழற்றிப் போடும் பிளேடுகளில் பல உண்மையில் மழுங்கியே இருக்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே சில சமயம் கூடமே கோணலாக இருக்கும், நாம் ஆடுகிறவளைத் திட்டிக்கொண்டிருப்போம். குற்றவாளி பிளேடா, துணிக்கு அடியில் விரிக்கும் மேட்டா, பிளேடைப் பிடிக்கும் திருகா, கையா என்பதை அறுபடாமல் நிற்கும் இழைகளே காட்டிக் கொடுத்துவிடும். அவை எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் போதும்.

முதலில் ஒரு சோதனை வெட்டு

இஸ்திரி போட்ட சாதாரணப் பருத்தித் துணியை இரண்டாக மடித்து, வெட்டும் நீளம் 60 செ.மீ.க்குக் குறையாமல் விரித்துக்கொள்ளுங்கள். ரூலரை வைத்து, உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளியபடி, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்டுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் அழுத்தத்தையே கொடுங்கள். சோதனை என்பதற்காகக் கூடுதலாக அழுத்த வேண்டாம். வெட்டாத இடம் கண்ணில் பட்டாலும் திரும்ப ஓட்டாதீர்கள், தடயம் அழிந்துவிடும். துணியை வெடுக்கென்று இழுக்காமல் மெல்லப் பிரியுங்கள். இழை பிடித்து நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் துணியில் ஒரு பேனாப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி மேட்டில் அச்சிட்ட எந்த எண்ணுக்கு நேராக வருகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு குறிப்பும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சமமான இடைவெளியில் இரண்டு மூன்று இழை நிற்கிறது

இது பிளேடின் குற்றம்தான், சந்தேகமே வேண்டாம். வாயில் ஓர் இடத்தில் பொக்கை விழுந்திருக்கிறது.

ரோட்டரி பிளேடு துணிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, உருண்டு போகிறது. அதன் விளிம்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தடவைதான் துணியைத் தொடும். பொக்கை விழுந்த புள்ளி தொடும் இடத்தில் இழை தப்பித்துவிடும், மற்ற இடமெல்லாம் சுத்தமாக அறுந்திருக்கும். எனவே தப்பித்த இழைகளுக்கு நடுவே உள்ள தூரம் பிளேடின் சுற்றளவுக்குச் சமமாக இருக்கும். 45 மி.மீ. விட்டமுள்ள பிளேடு என்றால் ஏறக்குறைய 14 செ.மீ.; 60 மி.மீ. என்றால் 19 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, 28 மி.மீ. சின்னக் கட்டரில் 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, 18 மி.மீ. என்றால் ஐந்தரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பேனாப் புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். எண் பொருந்தினால் விசாரணை முடிந்தது.

இடைவெளி சமமாக இல்லையே என்று தோன்றினால் அவசரப்பட்டு பிளேடுக்கு விடுதலை கொடுத்துவிடாதீர்கள். 5, 9, 5, 9 என்று மாறி மாறி வந்தால் கூட்டிப் பாருங்கள்: 14. ஒரே பிளேடில் இரண்டு பொக்கை. துணியை மடித்து வெட்டியிருந்தால் இரண்டு அடுக்கிலும் ஒரே இடத்தில் இழை நிற்கும். வெட்டிய நீளத் துண்டை, அதாவது பட்டையை, விரித்தால் மடிப்புக்கு இரு புறமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புள்ளிகள் தெரியும்.

பொக்கை எங்கே என்று விரலால் தடவித் தேடாதீர்கள். பஞ்சு உருண்டை ஒன்றை விளிம்பை ஒட்டி மெல்ல ஓட்டினால் பொக்கை உள்ள இடத்தில் பஞ்சு பிடித்து இழுபடும். முக்கால்வாசி நேரம் காரணம் குண்டூசிதான். அதற்கு அடுத்தது ரூலரின் ஓரத்தில் பிளேடு ஏறிவிடுவது. அதில் பிளேடோடு ரூலருக்கும் அடி விழும், அக்ரிலிக் ஓரத்தில் சிம்பு பெயர்ந்திருப்பதை நகத்தால் தடவினாலே தெரியும். மூடாமல் மேசைமேல் வைத்த கட்டர் கத்தரிக்கோல் மேல் சாய்வது, தரையில் விழுவது, ஜிப்பின் பல்லில் ஏறுவது எல்லாம் இதே கணக்கில் சேரும்.

பொக்கைக்கு எண்ணெயும் மருந்தில்லை, துடைப்பும் மருந்தில்லை. பிளேடை மாற்றத்தான் வேண்டும். 1979இல் முதல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்த ஜப்பானிய நிறுவனம் ஓல்ஃபா. அதை நிறுவிய யோஷியோ ஒகாடா 1956இல் உருவாக்கியதுதான் மழுங்கிய நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டைத் தள்ளிக்கொள்ளும் கத்தி. ‘ஓல்ஃபா’ என்ற பெயரே ஜப்பானிய மொழியில் ‘ஒடிக்கும் பிளேடு’ என்பதிலிருந்து வந்தது. அந்தக் கத்தியில் நுனி போனால் நுனி மட்டும்தான் போகும். வட்டப் பிளேடில் ஒடிக்க நுனி ஏது? அரை மில்லிமீட்டர் போனாலும் முழு வட்டமும் வீண்.

முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. பொக்கை விழுந்த பிளேடு தாள் வெட்டவும், துணியின் கரையைத் தோராயமாக நீக்கவும் நன்றாகவே உதவும். அதைப் பற்றிக் கடைசியில்.

எப்போதும் மேட்டின் அதே இடத்தில் நிற்கிறது

இங்கே இடைவெளிக் கணக்கு ஒத்துவராது. ஆனால் எழுதி வைத்த எண்களைப் பாருங்கள்: ஒவ்வொரு வெட்டிலும் 22க்கும் 25க்கும் நடுவிலேயே இழை நிற்கும். துணியை மாற்றினாலும் அங்கேதான். சில சமயம் பிளேடை மாற்றினாலும் அங்கேதான்.

கத்தரிக்கோலுக்கு இரண்டு வாய், ஒன்றோடு ஒன்று உரசி நறுக்கும். ரோட்டரி கட்டருக்கு ஒரு வாய்தான் நம் கையில் இருக்கிறது. மற்றொரு வாய் மேட். பிளேடு துணியை மேட்மேல் வைத்து அழுத்தித்தான் அறுக்கிறது. மேட்டில் பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் துணி உள்ளே அமுங்கிக்கொள்ளும். பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும் இழை பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். வெட்டிய பின் சில நூல்கள் மேட்டுக்குள் செருகிக்கொண்டு நின்றால் இதுதான் காரணம்.

உறுதி செய்ய மேட்டைக் கால் சுற்றுத் திருப்பி வைத்து, அதே பிளேடால் அதே துணியை வெட்டுங்கள். குறை மறைந்தால் பள்ளம்தான். மேட்டோடு சேர்ந்து குறையும் வேறு பக்கம் போய்விட்டாலும் பள்ளம்தான். மறையாமல், மேசையின் அதே மூலையிலேயே நின்றால்? அப்போது மேட்டுக்கு அடியில் பாருங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது இரண்டு பிளேடுகளைக் குப்பையில் போட்ட பிறகு. மூன்றாவது புதுப் பிளேடும் அதே ஒரு சாண் நீளத்தில் இழை விட்டபோது பிளேடு செய்தவர்களை மனத்துக்குள் திட்டிக்கொண்டே மேட்டைத் தூக்கினேன். என் மேசை இரண்டு பலகை சேர்த்தது. சேரும் இடத்தில் ஒரு பலகை லேசாக இறங்கியிருந்தது, தடவிப் பார்த்தால்தான் தெரியும். மேட் அங்கே பாலம் போல நின்று, அழுத்தினால் வளைந்து கொடுத்தது. மேட்டை ஒரு சாண் நகர்த்தி வைத்தேன், தீர்ந்தது. அந்த இரண்டு பிளேடுகளை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான்.

தன்னைத் தானே மூடிக்கொள்ளும் மேட் என்று விற்கிறார்களே என்று கேட்கலாம். மூடிக்கொள்ளும், உண்மைதான். அதன் மென்மையான பிளாஸ்டிக் வெட்டுக்கு விலகி இடம் கொடுத்து மறுபடி சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்தக் கீறலுக்குள் பஞ்சுத்தூசு புகுந்துவிட்டால் சேர முடியாது. ஃபிளானல் துணியும் குவில்டின் நடுவே வைக்கும் பஞ்சு விரிப்பான பேட்டிங்கும் இதில் மோசம், கீறல் முழுக்கத் தூசை அடைத்துவிடும். பென்சில் அழிக்கும் ரப்பரால் கீறலின் குறுக்கே தேய்த்தால் தூசு திரண்டு வெளியே வரும். அதற்கும் மசியாவிட்டால், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, மிருதுவான பிரஷால் தேய்த்துக் கழுவி, சமதளத்தில் படுக்க வைத்து உலர்த்துங்கள். வெந்நீர் வேண்டாம், வெயிலும் வேண்டாம். சூடு பட்டு ஒருமுறை நெளிந்த மேட் பழைய நிலைக்கு வருவது அபூர்வம். அதே காரணத்தால் மேட்மேல் இஸ்திரி போடுவதும் கூடாது.

பள்ளம் விழாமல் இருக்க ஒரு சின்னப் பழக்கம் போதும். அச்சிட்ட ஒரே கோட்டின் மேலேயே எப்போதும் வெட்டாதீர்கள். மேட்டை அவ்வப்போது திருப்பி வையுங்கள்.

மேல் அடுக்குகள் அறுகின்றன, அடி அடுக்கு மட்டும் நிற்கிறது

அடுக்கைக் குறையுங்கள். 45 மி.மீ. பிளேடு நான்கு அடுக்குப் பருத்தித் துணியை அலட்டிக்கொள்ளாமல் வெட்டும். கூர் புதிதாக இருந்தால் ஆறு வரை போகலாம். அதற்கு மேல் போனால் கையைத்தான் அழுத்த வேண்டியிருக்கும், அழுத்த அழுத்த ரூலர் நகரும். நிறைய அடுக்கு வெட்டுகிறவர்களுக்கு 60 மி.மீ. கட்டர் ஏற்றது.

இரண்டே அடுக்கிலும் அடித்துணி நின்றால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். உட்கார்ந்து வெட்டினால் கை நீளும்போது எடை குறைந்துவிடும், அதனால் வெட்டின் கடைசி 10, 15 செ.மீ.யில் இழை நிற்கும். நின்றுகொண்டு வெட்டிப் பாருங்கள். அப்போது சரியாகிவிட்டால் பிளேடில் தவறில்லை.

புதுப் பிளேடு, மாட்டிய அன்றே வெட்டவில்லை

இது சிரிப்பை வரவழைக்கும் குறை, ஆனால் அனுபவமுள்ளவர்களுக்கும் நடக்கும். மேட் சரி, கை சரி என்றால் கழற்றிப் பாருங்கள்: அநேகமாக இரண்டு பிளேடு ஒன்றாக மாட்டியிருப்பீர்கள். பெட்டியில் வரும் பிளேடுகளில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருக்கும். பிளேடோ மிக மெல்லியது, 45 மி.மீ. பிளேடு 0.3 மி.மீ. தடிமன்தான். எண்ணெயில் ஒட்டிக்கொண்ட இரண்டு பிளேடு பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டு விளிம்பு சேர்ந்தால் கூர் இருமடங்கு ஆகாது, போய்விடும். பிரிக்கும்போது விளிம்பைத் தொடாமல், நடுத்துளைப் பக்கம் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக நழுவவிட்டுப் பிரியுங்கள்.

ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுத்துளை திருகின் கழுத்தில் பொருந்தாமல் ஓரத்தில் ஏறி நின்றாலும், வளைந்த வாஷர் பக்கம் மாறி உட்கார்ந்தாலும் பிளேடு கோணும். எந்தக் கட்டரானாலும் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே மேசைமேல் வையுங்கள். ஒரு நிமிட வேலைதான், ஆனால் பின்னால் வாஷர் எந்தப் பக்கம் என்று விழிக்க வேண்டியதில்லை.

நீளம் முழுக்க இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது

குறிப்பிட்ட இடம் என்று இல்லை, இடைவெளியும் இல்லை, ஆங்காங்கே எல்லா இடத்திலும் நூல் நிற்கிறது. உண்மையான மழுங்கல் இப்படித்தான் காட்டும். ஆனாலும் உடனே புதுப் பிளேடைப் பிரிக்காதீர்கள். இதே அடையாளத்தோடு வரும் இன்னும் இரண்டு குறை உண்டு, இரண்டுக்கும் செலவே இல்லை.

ஒன்று தூசு. பிளேடுக்கும் காப்பு மூடிக்கும் நடுவே பஞ்சுத்தூசு சேர்ந்து கம்பளி போலப் படிந்திருக்கும். அது பிளேடைப் பிடித்து நிறுத்தும். கழற்றி, மிருதுவான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், விளிம்பின் நீளவாக்கில் அல்ல. காப்பு மூடியையும் துடையுங்கள். பிளேடு மூடியைத் தொடும் பக்கத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, பரப்பி, மிஞ்சியதை ஒற்றி எடுங்கள். மாட்டிய பின் வேண்டாத துணியில் ஒன்றிரண்டு தடவை ஓட்டினால் எண்ணெய்க் கறை நல்ல துணிக்கு வராது. சமையல் எண்ணெய் வேண்டாம். அது பிசுபிசுத்து இன்னும் தூசு பிடிக்கும்.

மற்றொன்று திருகு. இறுக்கமாக முடுக்கியிருந்தால் பிளேடு உருளாமல் நின்ற இடத்திலேயே தேயும். உருண்டால் தேய்மானம் வட்டம் முழுக்கப் பகிர்ந்து போகும். உருளாவிட்டால் ஒரே இடம் தட்டையாகிவிடும். அப்புறம் திருகைத் தளர்த்தினாலும் அந்தத் தட்டை இடம் பொக்கை போலவே 14 செ.மீ.க்கு ஒருமுறை தலைகாட்டும், கொஞ்சம் நீளமாக. திருகை முழுக்க முடுக்கிவிட்டு, பிளேடு தடையில்லாமல் உருளும் வரை சிறிது சிறிதாகத் தளர்த்துவதே சரியான அளவு. உருள்கிறதா என்று பார்க்க பிளேடின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, துணிமேல் ஓட்டுங்கள். புள்ளி சுற்றி வர வேண்டும்.

துடைத்து, எண்ணெய் விட்டு, திருகைச் சரிசெய்த பிறகும் நூல் நிற்கிறது, மேட்டும் நன்றாக இருக்கிறது. சரி, இப்போது பிளேடு மழுங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்ளலாம். இன்னும் இந்த ஒரு குவில்ட் முடியட்டும் என்று இழுத்தடிக்காதீர்கள். மழுங்கிய பிளேடுக்குக் கூடுதலாக அழுத்துகிறோம். அந்த அழுத்தம் மேட்டில் பள்ளமாக விழும், ரூலரை நகர்த்தும், வழுக்கினால் ரூலரைப் பிடித்த கையில் ஏறும்.

வெட்டு நெளிகிறது, பட்டை நேராக வரவில்லை

பிளேடு இடம் வலம் ஆடினால் திருகு தளர்ந்திருக்கிறது, கொஞ்சம் முடுக்குங்கள். பட்டையை விரித்தால் மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் முழங்கை போல வளைகிறது என்றால் துணியை நேராக மடிக்கவில்லை. அதற்கும் கூருக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் எவ்வளவு காலம்தான் வரும்?

சுற்றுக் கணக்கில் யோசித்துப் பார்ப்போம். 110 செ.மீ. அகலத் துணியை இரண்டாக மடித்து 40 பட்டை வெட்டினால் பிளேடு ஓடும் தூரம் 22 மீட்டர். 45 மி.மீ. பிளேடுக்கு அது 156 சுற்றுக்கும் குறைவு. பட்டைகளைச் சதுரமாக நறுக்குவதும் ஓரம் சீராக்குவதும் சேர்ந்தால் இன்னும் சில மடங்கு. நல்ல மேட், சுத்தமான பருத்தி, குண்டூசி இல்லாத மேசை என்றால் ஒரு குவில்டுக்கான வெட்டு முழுவதையும் ஒரு பிளேடு தாங்கும், பல சமயம் அடுத்ததையும் தாங்கும். நிறையச் சின்னத் துண்டுகள் உள்ள பெரிய குவில்ட் என்றால் ஒன்றையே முழுதாக உண்டுவிடும். இரண்டுமே இயல்புதான்.

ஆனால் வெட்டும் பொருள் மாறினால் இந்தக் கணக்கு உடைந்துபோகும். தாள் பார்வைக்குச் சாது, பிளேடுக்கு எமன்; அதில் களிமண் போன்ற கனிமப் பொடிகளைச் சேர்த்திருப்பார்கள், அவை விளிம்பை அரம் போலத் தேய்க்கும். மினுமினுப்பு அச்சடித்த துணியும் அப்படியே. இஸ்திரி போட்டு ஒட்டும் துணியை வெட்டினால் கூர் போகும் முன்பே பசை விளிம்பில் படியும். அந்தப் பசையைத் துடைத்தாலே பிளேடு உயிர்பெறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேட்டிங்குக்குத் தனிப் பிளேடு வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி, பீங்கான், உலோகப் பலகை ஆகியவற்றின் மேல் வைத்து வெட்டினால் புதுப் பிளேடும் ஒரே ஓட்டத்தில் வாய் மடங்கிவிடும்.

நான் தேதி எழுதுவதில்லை. கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒவ்வொரு துணி வெட்டி முடிந்ததும் ஒரு கோடு போடுகிறேன். நான்கைந்து பிளேடு மாறிய பிறகு நம் கைக்கும் நம் துணிக்கும் எத்தனை கோடு வரை வரும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அடுத்தவர் கோட்டுக் கணக்கு நமக்கு உதவாது.

சாணை பிடிக்கலாமா?

பிளேடை வைத்துச் சுற்றும் சின்னச் சாணைக் கருவிகள் கிடைக்கின்றன. பரவலாக மழுங்கிய பிளேடுக்கு அவை கொஞ்சம் உயிர் கொடுக்கும். ஆழமான பொக்கையை நிரப்பாது. புதுப் பிளேடின் கூர் திரும்ப வந்ததாக எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை. அலுமினியத் தாளைப் பல மடிப்பு மடித்து வெட்டினால் கூர் ஏறும் என்ற கைவைத்தியமும் உண்டு. மடங்கிய விளிம்பு சற்று நிமிரலாம், படிந்த பசை சற்று உதிரலாம், அவ்வளவுதான். இரவு பத்து மணிக்குக் கடைசிப் பட்டை பாக்கி, வேறு பிளேடு இல்லை என்ற நிலைமைக்கு அது சரி.

கழற்றிய பிளேடு

தாள் வெட்ட எடுத்து வைக்கும் பழைய பிளேடில் மார்க்கரால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுங்கள். குறி இல்லாவிட்டால் என்றைக்காவது அதையே நல்ல துணிக்கு மாட்டிவிட்டு, இந்த விசாரணையை முதலிலிருந்து தொடங்குவீர்கள். முழுக்கத் தீர்ந்ததை அப்படியே குப்பையில் போடாதீர்கள். குப்பைப் பையைத் தூக்குகிறவர் கையை அது கிழிக்கும். மூடி இறுக்கமாக உள்ள ஒரு தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். டப்பா நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று எழுதி, குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.